இடித்துப்போட அல்ல: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் 5 கடிதங்கள் ஒரே இடத்தைச் சுற்றியே நிற்கின்றன. சபையில் ஒருவருக்கு மற்றவர்மேல் இருக்கிற அதிகாரம் எதற்கு? எல்லாமே எங்கள் திருகோணமலைப் பக்கத்துக் கடிதங்கள். ஊர் சிறியது. ‘சந்திக்குப் பக்கத்து வீட்டு டீச்சர்’ என்று எழுதினாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள். அதனால் பெயர், சபை, தெரு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கேள்விகளையும் சுருக்கித்தான் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, உப்புவெளிப் பக்கம் வியாழக்கிழமைகளில் நடக்கும் வீட்டு ஜெபக்குழுவுக்கு நான் பொறுப்பு. 11 பேர் வருகிறோம். அதில் ஒரு தங்கச்சி நுண்கடன் எடுத்தபோது எங்கள் குழுவில் 2 பேர் பிணைக் கையெழுத்து வைத்தார்கள். கணவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று சொல்லித்தான் எடுத்தாள். அது பொய் என்று பிறகு தெரிந்தது. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் எடுத்திருக்கிறாள். இப்போது கிழமைக் காசு கட்டாததால், கையெழுத்து வைத்தவர்களின் வாசலில் வந்து நிற்கிறார்கள். அவள் 2 மாதமாக ஜெபத்துக்கு வரவில்லை. ‘எல்லார் முன்னாலும் எழுப்பிக் கேளுங்கள், இல்லாவிட்டால் பெயரை வெட்டுங்கள்’ என்று மற்றவர்கள் நெருக்குகிறார்கள். பாஸ்டரிடம் கேட்டேன். ‘உங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறேன், பாவியுங்கள்’ என்றார். 2 கிழமையாக யோசிக்கிறேன். எப்படிப் பாவிப்பது?

பதில்: மகள், அதிகாரம் கையில் கிடைத்த பிறகும் 2 கிழமை யோசித்திருக்கிறீர்கள். அதற்காகவே கர்த்தரைத் துதிக்கிறேன். உங்கள் வயதில் நான் யோசிக்கவில்லை. அந்தக் கதையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

பாஸ்டர் சொன்ன அந்த ‘அதிகாரம்’ என்ற சொல்லைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் ஏறக்குறைய ஒரே வாக்கியமாக 2 தரம் எழுதுகிறார். 10:8இல் ஒரு தரம், கடிதத்தை முடிக்கப்போகும் 13:10இல் மறுபடியும். கர்த்தர் தனக்கு அதைத் தந்தது ‘இடித்துப்போட அல்ல, ஊன்றக்கட்டவே’ என்கிறார். கொரிந்தும் எங்கள் ஊரைப் போலத் துறைமுகப் பட்டினந்தான். கிழக்கே கெங்கிரேயா, மேற்கே லெகாயோன் என்று 2 துறைகள். பவுல் அங்கே ஒன்றரை வருடம் தங்கி, அந்தச் சபையை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கியவர். அப்படிப்பட்டவரைத்தான், ‘கடிதத்தில் பாரம், நேரில் பார்த்தால் பலவீனம், பேச்சும் அற்பம்’ என்று சிலர் கதைத்துத் திரிந்தார்கள். அதே சபை, தன்னைச் சுரண்டுகிறவனையும் முகத்தில் அறைகிறவனையும் சகித்துக்கொண்டு இருந்ததாக 11:20இல் எழுதுகிறார். அடிக்கிற ஆளைப் பலசாலி என்று மதிக்கிற பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல.

எரேமியாவைக் கர்த்தர் அழைத்தபோது ‘பிடுங்கவும், இடிக்கவும், அழிக்கவும், கவிழ்க்கவும், கட்டவும், நாட்டவும்’ என்று சொன்னார். இடிக்க 4 சொல், கட்ட 2 சொல். பவுல் தன் அதிகாரத்தைச் சபைக்குச் சொல்லும்போது இடிப்பதை ‘அல்ல’ என்று தள்ளிவிட்டுக் கட்டுவதை மட்டும் வைத்துக்கொள்கிறார். ஆனால் 10:8க்கு 4 வசனம் முன்னால் பாருங்கள். அங்கே ‘அரண்களை நிர்மூலமாக்குகிறதற்கு’ தேவபலம் இருக்கிறது என்கிறார். 8இல் ‘உங்களை நிர்மூலமாக்குகிறதற்கல்ல’ என்கிறார். தமிழில் மட்டுமல்ல, கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். இடிபட வேண்டியவை தர்க்கங்களும் மேட்டிமையும். ஆள் இடிபடக்கூடாது. உங்கள் விஷயத்தில் அந்தப் பொய் இடிபட வேண்டும், அந்தத் தங்கச்சி நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே அடியில் விழுத்திவிடுவது மிகச் சுலபம். அதைத்தான் குழு உங்களிடம் கேட்கிறது.

‘ஊன்றக்கட்ட’ என்ற எங்கள் வேதாகமச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். கிரேக்கத்தில் வீடு கட்டுவதற்கான சாதாரணச் சொல்தான் அது. தமிழில் தந்தவர்கள் அதோடு ‘ஊன்ற’ என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் கடற்கரை மணலில் வேலிக்குக் கதியால் ஊன்றிப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். குழியில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, ஆட்டிப் பார்த்து, மறுபடி மிதித்து, அது தானாக நிற்கும்வரைக்கும் கையை எடுக்கமாட்டோம்.

சரி, என் கதை. 1999ஆம் வருடம். அப்போது எனக்கு 38 வயது. எங்கள் சபையில் கீபோர்ட் வாசித்த பொடியனுக்கு 19 வயது. ஒரு சனிக்கிழமை இரவு ஒருவர் வீட்டுக்கு வந்து, அவனைச் சாராயம் குடித்தபடி கண்டதாகச் சொன்னார். அடுத்த நாள் காலை, ஆராதனை தொடங்கி 2 பாட்டு முடிந்ததும், நான் மைக்கில் அவன் பெயரைச் சொல்லி, ‘போத்தலைப் பிடித்த கையால் கர்த்தருடைய வீட்டில் வாசிக்க வேண்டாம், இறங்கு’ என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பிளக்கைக் கழற்றினான். வயரை எப்போதும் சுற்றுகிற மாதிரியே முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் வடிவாகச் சுற்றி, கீபோர்ட்டின் மேல் வைத்தான். பிறகு நடுவழியால் நடந்து வெளியே போனான். பெண்கள் பக்கத்தில் அவனுடைய தாய் எழும்பினார். அவருடைய வேதாகமம் கதிரையிலேயே கிடந்தது. ஆராதனை முடிந்த பிறகு நான்தான் அதை எடுத்து வைத்தேன்.

அவன் குடித்தது உண்மை. அந்த மாதம் அவனுடைய அண்ணன் வீடு திரும்பவில்லை என்பதும், தாய் ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகாம் முகாமாக அலைகிறார் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மை எனக்குத் தெரியாததல்ல. புதன்கிழமை ஜெபத்தில் அந்த அண்ணனுக்காக ஜெபித்ததே நான்தான். புதன்கிழமை ஜெபித்த வாய் ஞாயிற்றுக்கிழமை அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அன்றைக்குப் பலர் வந்து என் கையைக் குலுக்கி, ‘துணிச்சலான ஊழியம் பாஸ்டர்’ என்றார்கள். அந்தப் பாராட்டு என்னை 2 வருடம் தூங்க வைத்தது. 2001இல்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாய் பிளேன்ரீ தந்தார், உட்காரவில்லை. பொடியன் பின்பக்கமிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ‘நீங்க சொன்னது சரி பாஸ்டர். என்னட்ட ஒருக்கா கேட்டிருக்கலாம்’ என்றான். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நின்று, அதே மைக்கில், சபையிடம் மன்னிப்புக் கேட்டேன். மூப்பர் ஒருவர் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘இனி யார் பாஸ்டர் உங்களுக்குப் பயப்படுவாங்கள்?’ என்றார். அவர் என்மேல் பாசத்தில்தான் கேட்டார். அந்தப் பொடியன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான், 2 பிள்ளைகள். சில ஞாயிறுகளில் பின்னேரம் கோல் எடுப்பான். எந்தச் சபைக்கும் போவதில்லை. கீபோர்ட்டைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

மகள், அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்: குற்றச்சாட்டு உண்மையாக இருப்பது மட்டும் போதாது.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்ணா கடற்றொழில் செய்கிறவர். மாரியில் கடல் குழம்பியிருக்கும் நாட்களில் முற்றத்தில் வலையை விரித்துப் பொத்திக்கொண்டு இருப்பார். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொள்வார். கிழிந்த இடத்தைக் கண்டதும் ஊசியை எடுப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் முதலில் எடுப்பது ஒரு சின்னக் கத்தி. பிய்ந்து தொங்குகிற நூலையெல்லாம் நல்ல முடிச்சு வரும்வரை வெட்டிவிடுவார். ஓட்டை முன்னையதைவிடப் பெரிதாகிவிடும். ‘ஏன் அண்ணா வெட்டுறீங்கள்?’ என்று ஒருநாள் கேட்டேன். ‘பிஞ்ச நூல்ல முடிச்சுப் போட்டா நிக்காது ஐயா’ என்றார். ஆனால் நல்ல கண்ணி ஒன்றையும் அந்தக் கத்தி தொடாது. பிறகு ஊசியில் நூலைக் கோத்து, விரலை அளவாக வைத்து, கண்ணி கண்ணியாகப் போட்டுக்கொண்டு வருவார். ஒரு பெரிய கிழிசலுக்கு அரை நாள் போய்விடும்.

கலாத்தியர் 6:1இல், ஒருவன் குற்றத்தில் அகப்பட்டால் சாந்தமுள்ள ஆவியோடே அவனைச் ‘சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்று இருக்கிறது. அங்கே பவுல் எழுதிய கிரேக்கச் சொல்தான், மாற்கு 1:19இல் யாக்கோபும் யோவானும் படவிலிருந்து வலைகளைப் பழுதுபார்த்தார்கள் என்ற இடத்திலும் வருகிறது. இதை அந்த அண்ணாவுக்குச் சொன்னேன். அவர் சைவக்காரர். ‘அப்ப உங்கட ஆளுக்கு வேலை தெரிஞ்சிருக்கு’ என்றார்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். வியாழக்கிழமையும் வேண்டாம், ஞாயிறும் வேண்டாம், கடன்காரர் வருகிற நாளும் வேண்டாம். வேறு ஒரு நாளில் தனியாகப் போங்கள். மத்தேயு 18:15 ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ என்றுதான் சொல்கிறது. கையெழுத்து வைத்தவர்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வெறுங்கையோடும் போகவேண்டாம், பிள்ளைகளுக்கு ஏதாவது கொண்டு போங்கள். வேதாகமம் பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும். முடிந்தால் குசினியில் உட்காருங்கள். வீட்டில் என்ன சமைத்தார்கள், எத்தனை பேர் காசுக்கு வருகிறார்கள், எந்தெந்தக் கிழமை என்று கேளுங்கள். கடன் புத்தகங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லி, ஒரு கொப்பியில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, எவ்வளவு கட்டியாயிற்று. இந்தக் கிழமைக் கடன்களில் சிக்கின பெண்கள் பலருக்கு மொத்தம் எவ்வளவு என்றே தெரியாது. பயத்தில் அதைக் கூட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து கூட்டிப் பார்த்தால், அந்தப் பயத்தில் பாதி இறங்கும்.

அப்புறம் பொய்யைச் சொல்லியே ஆகவேண்டும். ‘பாவம், விடுவோம்’ என்று விட்டால் பிய்ந்த நூலில் முடிச்சுப் போட்ட கதைதான். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: ‘நீ உன் கணவருடைய பெயரைச் சொல்லிப் பொய் சொன்னாய். அதை நம்பித்தான் அவர்கள் கையெழுத்து வைத்தார்கள்.’ சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அழுவாள், அல்லது கோபிப்பாள். இரண்டிலும் எழும்பி வந்துவிடாதீர்கள். கையெழுத்து வைத்த 2 பேரிடமும் அவளே தன் வாயால் சொல்லவேண்டும். அப்போது அவள் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கவேண்டும். மற்ற 7 பேருக்கும் விவரம் தேவையில்லை. ‘கதைத்தாயிற்று, அவள் வருவாள், யாரும் அவளிடம் அதைக் கேட்கவேண்டாம்’ என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் அதிகாரத்தை நான் அங்கேதான் கடுமையாகப் பாவிக்கச் சொல்வேன். விடுப்புக் கேட்கிற வாயை அடைக்க.

அந்த 2 பேரையும் மறந்துவிடாதீர்கள். அவர்களும் உங்கள் குழுதான். ‘விசுவாசிகள்தானே, மன்னித்துவிடுங்கள்’ என்று சொல்லிக் கையைக் கழுவினால், அவர்களை இடித்துத்தான் அவளைக் கட்டுகிறீர்கள். மன்னிப்பு வேறு, கடன் வேறு. அவளோடு கடன் கொடுத்த அலுவலகத்துக்கு ஒரு தரம் போய், தவணையைச் சிறிதாக்கித் தருவார்களா என்று கேளுங்கள். இதை அடைக்க இன்னொரு கடன் எடுக்க மட்டும் விடாதீர்கள். குழுவில் யாராவது உதவ விரும்பினால் அவரவர் மனப்படி செய்யட்டும், சுற்றி உண்டியல் போகவேண்டாம்.

அவள் கேட்கவே மாட்டேன் என்றால் மத்தேயு 18:16 இருக்கிறது, ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போகலாம். அதற்கும் அவசரம் வேண்டாம். அவள் திரும்பி வருகிற முதல் வியாழக்கிழமைக்கு 2 கொரிந்தியர் 2:7ஐ இப்போதே வாசித்து வையுங்கள். சபை தண்டித்த ஒருவனைப் பற்றிப் பவுல் சொல்கிறார்: அவன் ‘அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு’ மன்னித்து ஆறுதல் செய்யுங்கள். அன்றைக்கு அவளுக்குக் கதவடியில் இடம் வைக்காதீர்கள். நடுவில் உட்கார வையுங்கள்.

கேள்வி: மூதூரிலிருந்து எழுதுகிறேன். சபைக் கட்டட நிதிக்கு 3 வருடமாகக் காசு சேர்க்கிறோம். கணக்கு ஒருநாளும் வாசிக்கப்படவில்லை. நான் கேட்டேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் ‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்’ என்ற வசனம் வந்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கணக்குக் கேட்டது பாவமா?

பதில்: இல்லை தம்பி, பாவமில்லை.

அந்த வசனம் சங்கீதம் 105:15. அதற்கு மேலே 12இலிருந்து வாசியுங்கள். அங்கே ‘அபிஷேகம்பண்ணினவர்கள்’ என்பது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பம். கொஞ்சப் பேர், பரதேசிகள், ஊர் ஊராக அலைந்தவர்கள், கையில் ஒரு துண்டு நிலம் இல்லாதவர்கள். ‘தொடாதிருங்கள்’ என்று கர்த்தர் கடிந்துகொண்டது ராஜாக்களை. பலமுள்ளவன் பலமில்லாதவனை நசுக்காதபடிக்குச் சொன்ன வார்த்தை அது. மேடையில் மைக் பிடித்திருப்பவர், பின்வரிசையில் இருக்கிற பொடியனைப் பார்த்து அதைச் சொன்னால், வசனம் தலைகீழாகிவிடுகிறது. அபிஷேகமும் போதகருக்கு மட்டும் உரியதல்ல. 1 யோவான் 2:20 சபையார் எல்லாரையும் பார்த்துத்தான் ‘நீங்கள் பரிசுத்தராலே அபிஷேகம்பெற்று’ என்கிறது.

அபிஷேகம்பெற்ற ராஜாவான சவுலைத் தாவீது கொல்லவில்லை, அது உண்மை. ஆனால் கெபியிலிருந்து வெளியே வந்து, அறுத்த சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, சவுல் தனக்குச் செய்கிற அநியாயத்தைச் சவுலுக்கே கேட்கும்படி கூப்பிட்டுச் சொன்னான். கைபோடாமல் இருப்பது வேறு, கேட்காமல் இருப்பது வேறு.

காசு விஷயத்துக்கு அதே இரண்டாம் கொரிந்தியரில் நேரடியான இடம் இருக்கிறது. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பற்றிப் பவுல் 8ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். தீத்துவோடு இன்னும் 2 சகோதரரை அனுப்புகிறார். ஏன்? இந்தத் தர்மப்பணத்தைக்குறித்து ‘ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு’ என்று 20ஆம் வசனத்தில் அவரே சொல்கிறார். யாரும் கேட்கமுதலே ஏற்பாடு செய்துவிட்டார். அப்போஸ்தலன் அவர். ‘என்னை நம்பமாட்டீர்களா’ என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

நீங்கள் செய்யவேண்டியது: கேள்வியை ஒரு தாளில் மரியாதையாக எழுதுங்கள். எவ்வளவு சேர்ந்தது, எங்கே இருக்கிறது, எப்போது வாசிப்பீர்கள், இவ்வளவுதான். ‘திருட்டு’, ‘மோசடி’ போன்ற சொற்கள் வேண்டாம், உங்களுக்கு அது தெரியாது. சபை மூப்பர் ஒருவரையும் நம்பிக்கையான இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு, போதகர் வீட்டுக்கே போய்க் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மூப்பனுக்கு விரோதமான பிராதை 2, 3 சாட்சிகள் இல்லாமல் ஏற்கவேண்டாம் என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்கிறது, அந்த வேலி அவருக்கும் தேவை. ஒருவேளை அவரிடம் கணக்கு இருக்கும், எழுதத் தெரியாத வெட்கத்தில் இருப்பார். அப்படியான போதகர்களை நான் கண்டிருக்கிறேன். கணக்குத் தெரிந்த ஒருவர் 2 பின்னேரம் பக்கத்தில் இருந்தால் முடிகிற காரியம் அது. தாளைக் கொடுக்கும்போதே ‘எழுத நான் உதவுகிறேன் பாஸ்டர்’ என்று சொல்லிப் பாருங்கள்.

அதன் பிறகும் மேடையிலிருந்தே பதில் வந்தால், உங்கள் சபை எந்த அமைப்பின் கீழ் இருக்கிறதோ அந்தப் பொறுப்பாளர்களிடம் அதே 3 பேரும் போங்கள். அப்படி மேலே ஒருவரும் இல்லாத சபை என்றால், கணக்கு வரும்வரைக்கும் கட்டட நிதிக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள். ஆராதனைக்குப் போவதை நிறுத்தவேண்டாம்.

கேள்வி: நான் ஒரு பெண். எங்கள் போதகர் பிரசங்கத்தில் ஒரு விஷயத்தைத் தொடர்ந்து பிழையாகச் சொல்கிறார். நான் அவருக்குச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். அப்போஸ்தலர் 18:26இல் பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் செய்தார்களே. அப்பொல்லோ வேதத்தில் வல்லவன், நல்ல பேச்சாளன், ஆனால் ஒரு இடத்தில் குறை. அவர்கள் ஜெப ஆலயத்திலேயே எழும்பிக் கையை உயர்த்தவில்லை. அவனைச் சேர்த்துக்கொண்டு அதிக திட்டமாய் விவரித்துக் காட்டினார்கள். அவன் பிறகு அகாயாவுக்குப் போய் அங்கே இருந்தவர்களுக்கு மிகவும் உதவியாயிருந்தான். போதகரையும் மனைவியையும் ஒரு சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு கதையுங்கள்.

கேள்வி: பாலையூற்றில் இருக்கிறோம். மகளுக்குக் கலியாணம் பேசி முடித்துவிட்டோம், இரண்டு வீட்டுக்கும் சம்மதம். உபவாச ஜெபத்துக்கு வந்த ஊழியக்காரர் மகளின் தலையில் கை வைத்து, ‘இந்தச் சம்பந்தம் கர்த்தருடைய சித்தமில்லை’ என்று தீர்க்கதரிசனம் சொல்லிவிட்டார். பிள்ளை 10 நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுங்கள்.

1 கொரிந்தியர் 14:3இல், தீர்க்கதரிசனம் சொல்கிறவன் மனுஷருக்கு ‘பக்திவிருத்தியும், புத்தியும், ஆறுதலும்’ உண்டாகப் பேசுகிறான் என்று இருக்கிறது. அந்தப் ‘பக்திவிருத்தி’யும், மேலே முதல் கடிதத்துக்கு எழுதிய ‘ஊன்றக்கட்ட’வும் கிரேக்கத்தில் ஒரே சொல். தமிழில் இரண்டாகப் பிரிந்துவிட்டதால் எங்கள் கண்ணில் படுவதில்லை. ஆகவே தீர்க்கதரிசனமும் கட்டுகிற வேலைதான். தலையில் வைத்த கையை எடுத்த பிறகு பிள்ளை நிற்கிறாளா, விழுகிறாளா என்று பார்க்கவேண்டியது அந்த ஊழியக்காரரின் பொறுப்பு. அவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். பிள்ளை உங்கள் வீட்டில் கிடக்கிறாள்.

அதே அதிகாரத்தின் 29ஆம் வசனம் இன்னும் முக்கியம். தீர்க்கதரிசிகள் 2 பேராவது 3 பேராவது பேசலாம், ‘மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்’. நிதானிப்பது என்றால் எடைபோட்டுப் பார்ப்பது. சொன்னவுடன் ஏற்கவேண்டும் என்று அங்கே இல்லை. அதனால் எடைபோடுங்கள். மாப்பிள்ளையைப் பற்றி நீங்கள் விசாரித்தபோது ஏதாவது உறுத்தியதா? மகளின் மனதில் முதலிலேயே ஏதாவது பயம் இருந்ததா? தகப்பன் இல்லாத நேரம், அவசரமில்லாமல் அவளிடம் கேளுங்கள். ‘இருந்தது அம்மா’ என்று அவள் சொன்னால், அவளுடைய சொல்லுக்காக நிறுத்துங்கள். ஊழியக்காரருடைய சொல்லுக்காக வேண்டாம். அப்படி ஒன்றுமே இல்லை, பயம் முழுவதும் அந்த இரவில்தான் வந்தது என்றால், உங்கள் சொந்தப் போதகரையும் மூப்பர்களையும் வீட்டுக்கு அழைத்து, அந்த வார்த்தையை அவர்களே நிதானித்துச் சொல்லட்டும். அவள் காதுக்குக் கேட்கச் சொல்லட்டும். தலையில் கை வைத்து ஜெபிக்கட்டும். கையால் வந்த பயம் கையால் போகட்டும்.

அந்த ஊழியக்காரருடைய நம்பர் உங்களிடம் இருந்தால், அவருக்கும் ஒரு கோல் எடுத்து, பிள்ளையின் நிலைமையைச் சொல்லுங்கள். சண்டை பிடிக்க அல்ல. தன் வார்த்தை எங்கே போய் விழுந்தது என்று அவருக்குத் தெரியவேண்டும். 1999இல் எனக்கு அப்படி யாரும் வந்து சொல்லவில்லை.

கேள்வி: நிலாவெளிப் பக்கத்தில் ஒரு சிறு சபைக்கு நான் புதிதாக வந்த போதகர். 27 பேர். 8 மாதமாகிறது. உபவாச ஜெபம் வைத்தால் 4 பேர்தான் வருகிறார்கள். தச்சு வேலை செய்கிற ஒரு அண்ணன் ‘வேலை இருக்கு பாஸ்டர்’ என்று என் முகத்துக்கே சொன்னார். எபிரெயர் 13:17ஐ வைத்து, கீழ்ப்படிதலைப் பற்றித் தொடர் பிரசங்கம் செய்யலாம் என்று இருக்கிறேன். குறிப்புகள் தருவீர்களா?

பதில்: தம்பி பாஸ்டர், குறிப்புத் தருகிறேன், பிரசங்கத்துக்கு அல்ல.

எபிரெயர் 13:17 இருக்கத்தான் செய்கிறது, அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ‘கீழ்ப்படிந்து’ என்று தமிழில் உள்ள இடத்தில் இருக்கிற கிரேக்க வினை, ஒருவர் எடுத்துச் சொல்ல மனம் இணங்குவதற்கான சொல். ஆளை இணங்க வைக்க, ஆள் உங்களை அறிந்திருக்கவேண்டும். அந்த வசனத்திலேயே மேய்ப்பனுக்கு 2 வேலை சொல்லியிருக்கிறது: ஆத்துமாக்களுக்காக விழித்திருப்பது, உத்தரவாதம் பண்ணுவது. 27 பேருக்கும் நீங்கள் ஒருநாள் கணக்குக் கொடுக்கவேண்டும். அந்த 27 பேருடைய வீட்டுக்கும் போயாயிற்றா? தச்சு அண்ணனுக்கு ஒரு நாள் வேலை போனால் அந்த வீட்டில் அன்றைக்கு என்ன குறையும் என்று தெரியுமா?

பவுலுக்குக் கட்டளையிட இடமிருந்தது. பிலேமோனுக்கு எழுதும்போது, கட்டளையிடத் தனக்குத் துணிவிருந்தாலும் அன்பினிமித்தம் மன்றாடுகிறேன் என்றுதான் எழுதினார். கொரிந்தியருக்கும், உங்கள் விசுவாசத்துக்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல் ‘உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம்’ என்றார். சகாயர் என்றால் வேலைக்குக் கூட நிற்கிற ஆள்.

ஆகவே அடுத்த 3 மாதத்துக்குக் கீழ்ப்படிதல் பிரசங்கம் வேண்டாம். உபவாச ஜெபத்தை வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு மாற்றுங்கள். இந்தக் கிழமை அந்த அண்ணன் வேலை செய்கிற இடத்துக்குப் போங்கள். போதகராகப் போய் நிற்காமல், பலகையின் மறுமுனையைப் பிடியுங்கள். அவர் சீவுகிறபோது பலகை ஆடாமல் பிடிப்பதற்கு ஒரு ஆள் எப்போதும் தேவை. அப்போது அவர் கதைப்பதைக் கேளுங்கள். அங்கே ஜெபிக்கக்கூடத் தேவையில்லை, அவர் கேட்டால் ஜெபியுங்கள்.

8 மாதம் தனியாக நின்று 4 பேரோடு ஜெபித்திருக்கிறீர்கள். அதில் சோர்வு இருக்கும், யாரிடமும் சொல்லியிருக்கமாட்டீர்கள். நிலாவெளியிலிருந்து பட்டினத்துக்கு வருகிற பஸ் உப்புவெளியால்தான் வருகிறது. செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் நான் வீட்டில் இருப்பேன். வாருங்கள், அந்த 27 பேருடைய பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.